இதை எழுதாதே

என்றைக்கோ ஒருநாள் எனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு,

இதை வாசிக்கும்போது உனக்கு இருபது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு இப்போது பதினாலு. நம் தீவில் ரோஸ் பெல் ஊர்ப் பள்ளியில் படிக்கிறேன். நீ ஆணா பெண்ணா என்று தெரியாது, உன் முகமும் தெரியாது. ஆனால் மூன்று வாரமாக இந்த வீட்டில் என் கல்யாணப் பேச்சு நடக்கிறது. பிளேன் மாக்னியனில் விமானம் இறங்குவதற்குத் தளம் கட்டுகிறார்கள் இல்லையா, அங்கே சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஒருவருக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். கல்யாணம் என்றால் பிள்ளை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அப்படித்தான் நீ என் நினைவுக்கு வந்தாய். இப்போது உயிரோடு இருக்கிற யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால் இனிமேல் வரப்போகிற உன்னிடம் சொல்கிறேன்.

சமையல் கொட்டகையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விளக்கைத் தகரத்தால் மறைத்து வைத்து எழுதுகிறேன். சண்டைக் காலம். எண்ணெய் அளந்துதான் கிடைக்கிறது, விளக்கில் குறைந்தால் காலையில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருக்கிறார். அவர் திரும்பிப் படுத்தால்கூட என் கை நின்றுவிடுகிறது. பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழில் எழுதுகிறேன். எனக்குப் பிரெஞ்சுதான் வேகமாக வரும். ஆனால் அப்பாவுக்குப் பிரெஞ்சு எழுத்துக் கூட்டத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. நம்முடைய கானில், கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்கிறோம், தமிழ் பேசுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பெரியவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் கோயில் பூசாரி ஒருவர்தான். சனிக்கிழமைகளில் அவர் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது தேவாரம் படிப்பதற்காக. நான் அதை ஒளித்து வைப்பதற்குப் பயன்படுத்துகிறேன். சாமி மன்னிக்கட்டும்.

நாளைக் காலை கோயிலில் திருவிழா முடிந்து கொடி இறக்குகிறார்கள். அதற்கு முன்னால் அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டு, அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லப்போகிறார்கள். அவள் செய்யமாட்டாள். செய்யாவிட்டால் அவளைக் கோயிலிலிருந்தும் கானிலிருந்தும் தள்ளி வைத்துவிடுவார்கள். அவள் மேல் விழுகிற பழி என்னுடையது. இது இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் அவளுக்கும். மூன்றாவதாக என் அப்பாவுக்குப் பாதி தெரியும். அவர்தான் கோயில் தலைவர். நாளைக்கு அவர்தான் அவளிடம் கேட்பார்.

எப்படி இந்த இடத்துக்கு வந்தேன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் கானிலிருந்து பதினொரு பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். துப்பாக்கி பிடிக்க இல்லை, மண் வெட்டவும் மூட்டை தூக்கவும். எகிப்துப் பக்கத்துப் பாலைவனத்தில் இருக்கிறார்களாம். அவர்களுக்குப் போகிற கடிதங்களைத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார்கள், அதனால் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும் என்று சொன்னார்கள். கானில் பிரெஞ்சு எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். முதலில் வந்தது பாக்கியம் அத்தை. அவள் மகன் போயிருந்தான். இதே மூட்டையில் உட்கார்ந்து, "எழுது பாப்பா, நாங்க எல்லாரும் சௌக்கியம், மாடு சௌக்கியம்" என்றாள். எழுதினேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "இதை எழுதாதே" என்று ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். கடிதம் ஆறு வரிதான். போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அதை வாசிக்கவே இல்லை.

அதற்கப்புறம் பதினொரு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். எல்லோரும் அதே மாதிரிதான். சௌக்கியம், சௌக்கியம், பிறகு "இதை எழுதாதே". நான் கொஞ்ச காலம் என் வேலை கடிதம் எழுதுவது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொல்கிற மற்றதெல்லாம் வழியில் கிடக்கிற கல் மாதிரி, தாண்டிப் போய் எழுத வேண்டியதை எழுதவேண்டும் என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கடிதம் அவர்கள் உள்ளே வருவதற்கு ஒரு கதவு. பேசுவதற்காக வந்தார்கள். எட்டுப் பேர் படுக்கிற தகரக் கொட்டகைகளில் வாழ்கிறவர்கள். யாரும் குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் தங்கள் பேச்சைத் தாங்களே கேட்பதற்கு அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

இது புரிந்தவுடன் எனக்குப் பெருமை வந்துவிட்டது. பெருமை வந்தவுடன் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாக்கியம் அத்தை மருமகளைப் பற்றிச் சொன்னபோது, "நீங்க இடம் குடுக்காதீங்க அத்தை, அடக்கி வைங்க" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அடியே, உனக்கு மூக்கே இப்பத்தான் ஒழுகி நின்னிருக்கு. அதுக்குள்ள மாமியாராயிட்டியா? நான் கேட்டேனா உன்னை? எழுதறதை எழுது" என்று சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் நான் திருந்தவில்லை. கேட்டதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்தால்தான் நான் உதவுகிறேன் என்று அர்த்தம், சும்மா கேட்டுக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பிள்ளையே, என் தப்பெல்லாம் இந்த ஒரு நினைப்பிலிருந்துதான் வந்தது. உன்னிடம் யாராவது எதையாவது நம்பிச் சொன்னால் உன் கை உடனே துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பு அவர்கள் மேல் இருக்கிற அன்பு இல்லை. பாரத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியாத நம் பயம்.

அஞ்சலை அக்காவின் தம்பியும் பட்டாளத்தில் இருக்கிறான். அவள் எங்கள் வரிசையில் நாலாவது வீடு. கரும்பு வெட்டு முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். தம்பிக்கு நாலு வரி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இதை எழுதாதே பாப்பா. உன் மாமா ரெண்டு வாரமா ராத்திரி வீட்ல தங்கறதில்ல. மூணு கான் ஆளுங்களும் பேசி முடிச்சிட்டாங்களாம். திங்கக்கிழமை ஒருத்தனும் வெட்டுக் கத்தியைத் தொடப்போறதில்லையாம். எல்லாத்துக்கும் முன்னால நிக்கறது இவருதான். லபோலிஸ் வந்தா முதல்ல யாரைப் பிடிப்பான், சொல்லு? போகாதேன்னு கால்ல விழுந்துட்டேன். சோளமாவைத் தின்னுட்டு இவ்வளவு வேலை செய்ய முடியாதுடீங்கறாரு. அவரு சொல்றதும் நியாயந்தானே?"

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கவலைப்படாதீங்க அக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். பதினாலு வயதில் நான் எதைப் பார்த்துக்கொள்வது? ஆனால் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பா சர்தார், அதாவது வெட்டுக்காரர்களுக்கு மேலாள். அவர் சொன்னால் அக்கா புருஷன் வேலு மாமா கேட்பார், இரண்டு பேரும் சேர்ந்து காவடி எடுத்தவர்கள், அப்பா தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொல்வார், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டேன். திங்கட்கிழமையைச் சொன்னேன். மூன்று கான் என்று சொன்னேன். வேலு மாமா பெயரைச் சொன்னேன்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "யார் சொன்னா உனக்கு?"

"கேள்விப்பட்டேன்."

அவர் மேலே கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேலு மாமா வீட்டுப் பக்கம் போகவில்லை. துரை வீட்டுப் பக்கம் போனார். திங்கட்கிழமை பொழுது புலரும்போது இரண்டு லாரியில் போலீஸ் வந்தது. வேலு மாமாவையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதச் சிறை. மற்றவர்கள் கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள். அன்று அப்பா சாப்பிடவில்லை. "மிசே கூப்பிட்டு நாலு வார்த்தை மிரட்டி விட்டுடுவார்னுதான் நினைச்சேன். வேலை நின்னா எல்லாருக்கும்தானே பட்டினி" என்று அம்மாவிடம் சொன்னது கேட்டது. மிசே என்பது துரையைத்தான். அப்பா கெட்டவர் இல்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் எதை நினைத்துச் சொன்னேனோ அதே மாதிரிதான் அவரும் எதையோ நினைத்துச் சொல்லியிருக்கிறார்.

யார் காட்டிக்கொடுத்தது என்று கான் முழுவதும் ஒரே பேச்சு. ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நான் சின்னப் பெண். அஞ்சலை அக்கா புருஷன் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டாள். கையில் காப்புக் கட்டி, பத்து நாளும் ஒரு வேளைச் சாப்பாடு, கோயில் மண்டபத்தில் தரையில் படுக்கை. அவள் விரதத்தில் ஒரு குறையும் இல்லை. நான் அம்மாவோடு தினமும் கோயிலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குழியில் தணலைப் பரப்பினார்கள். ஆற்றிலிருந்து மஞ்சள் துணியோடு வந்தவர்கள் இருபதுக்கு மேல். ஒவ்வொருவராக இறங்கி நடந்து, அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் கால் வைத்தார்கள். அக்கா பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ. நாலு அடி நன்றாக வைத்தாள். நடுவில் நின்றாள். மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் தணலில் அது நீண்ட நேரம். பிறகு ஓடிப்போய்ப் பால்குழியில் விழுந்தாள். உள்ளங்கால் இரண்டும் வெந்துவிட்டது. வேறு ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ, "சுத்தம் இல்லாதவளை அம்மா விடுவாளா?" என்றார்கள். இன்னொரு குரல், "புருஷன் போகக்கூடாதுன்னு அழுதவ இவதானே" என்றது. பொழுது சாய்வதற்குள் கான் முழுவதும் முடிவு செய்துவிட்டது. சொந்தப் புருஷனையே காட்டிக்கொடுத்தவள், அதனால்தான் சுட்டது.

அடுத்த நாள், அதாவது இன்று காலை, கற்றாழை வெட்டி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். யாரும் வரவில்லை போலிருக்கிறது. தண்ணீர்க் குடம் காலியாக இருந்தது. கற்றாழையைச் சீவிக் காலில் வைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஏன் தணல் நடுவில் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"உன்னைப் பார்த்தேன்" என்றாள். "குழிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தே. அவரு கையைப் பிடிச்சிருந்தே. அது வரைக்கும் எனக்குத் தோணவே இல்ல. அப்பத்தான் தோணிச்சு. நின்னுட்டேன்."

"நான் நல்லதுக்குத்தான் அக்கா, அப்பா மாமாகிட்ட பேசுவாருன்னு, நான் என்ன நினைச்சேன்னா—"

"பேசாம உக்காரு."

"இல்லக்கா, நான்—"

"பாப்பா. கால் எரியுது. பேசாம உக்காரு."

உட்கார்ந்தேன். அவள் அழுதாள். திட்டவில்லை. புருஷனைப் பற்றிச் சொன்னாள், நடுநடுவே தம்பியைப் பற்றிச் சொன்னாள், பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக நான் பதில் ஒன்றையும் தேடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவளே, "நாளைக்குச் சத்தியம் பண்ணச் சொல்லுவாங்க. எப்படிப் பண்ணுவேன்? நான் வாயைத் திறக்கலன்னு அம்மன் முன்னால பொய் சொல்ல முடியுமா? திறந்தேனே. உன்கிட்டதானே திறந்தேன்" என்றாள்.

"என் பேரைச் சொல்லிடுங்க அக்கா."

"சொன்னா உன் அப்பன் உன்னைக் கொன்னுடுவான். புத்தகத்தைப் பிடுங்கி அடுப்புல போட்டுடுவான். போ, வீட்டுக்குப் போ. இதை யார்கிட்டயும் சொல்லாதே."

பிள்ளையே, அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அவள் ரகசியத்தை ஒரு சாயங்காலம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவள் என்னுடையதை நெருப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, வெந்த காலோடு, இன்னும் வைத்திருக்கிறாள்.

காலையிலிருந்து ஒன்றையே யோசிக்கிறேன். சொன்னது தப்பு என்று கற்றுக்கொண்டேன். இப்போது காப்பாற்றுவதற்கு மறுபடியும் சொல்ல வேண்டுமா? சொல்லாதே என்கிறாள். அவள் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டால் நான் திருந்தியவள் மாதிரி இருக்கும், ஆனால் அவள் போய்விடுவாள். இந்த நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. அவள் என்னிடம் சொன்னது அவளுடையது. அதை இனி நான் தொடமாட்டேன். ஆனால் நான் அப்பாவிடம் சொன்னது என்னுடையது. என்னுடையதைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கயிறு மாதிரித் தெரிந்தது. இரண்டு கயிறு.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவின் கை கனமானது. அதைவிட, நாளைக்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்குப் பயமாக இருக்கிறது. எண்ணெய் தீரப்போகிறது. உன்னிடம் சொல்லிவிட்டதால் இனி பின்வாங்க முடியாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

மேலே உள்ளதை எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் உயிரோடுதான் இருக்கிறேன், பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கொடிமரத்தைச் சுற்றிக் கான் முழுவதும் நின்றது. அக்காவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து படியில் உட்காரவைத்தார்கள். அப்பா தட்டில் கற்பூரத்தை ஏற்றி அவள் முன்னால் வைத்தார். "திங்கக்கிழமை விஷயத்தை நீ யார்கிட்டயும் சொல்லலன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிட்டா பேச்சு முடிஞ்சுது" என்றார். இன்றைக்கு யோசித்தால் அவர் அவளைத் தப்பிக்க வைக்கப் பார்த்தார் என்று தோன்றுகிறது. அவள் பொய்ச்சத்தியம் செய்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி, அவருக்கும். அக்கா கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை நீட்டவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

நான் எப்படி முன்னால் போனேன் என்று தெரியவில்லை. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. குனிந்து உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தேன். "நான்தான் சொன்னேன். திங்கக்கிழமை விஷயத்தை அப்பாகிட்ட நான் சொன்னேன். மாமாவுக்குப் புத்தி சொல்லுவாருன்னு சொன்னேன்" என்றேன். குரல் பூனைக்குட்டி மாதிரித்தான் வந்தது. ஆனால் அவ்வளவு அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. நூறு முகமும் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பியது.

பூசாரிதான் முதலில் பேசினார். "உனக்கு யாரம்மா சொன்னது?"

"அதைச் சொல்லமாட்டேன்."

"சாமி முன்னால கேக்கறேன்."

"சாமிக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன். அது என்னோடது இல்ல."

"பதினோரு பொம்பளைங்க இவகிட்ட கடுதாசி எழுதறாங்க, அதுல ஒருத்திதானே? ஒவ்வொருத்தியாக் கேட்டாத் தெரிஞ்சிடும்" என்று ஒரு ஆண் குரல் பின்னாலிருந்து வந்தது.

அப்போது பாக்கியம் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "யாரு அது கேக்கறது? வெளிய வா. உன் பெண்டாட்டியும்தான் எழுதறா, உன்னைப் பத்தி என்ன சொன்னான்னு இதுகிட்ட கேக்கட்டுமா? எங்க எல்லாரோட குப்பையும் இந்தப் பொண்ணு வயித்துலதான் கிடக்கு. இன்னைக்கு ஒண்ணைக் கிளறினா நாளைக்கு எல்லாத்தையும் கிளறணும். போதும், கொடியை இறக்குங்கய்யா!" பெண்கள் பக்கத்திலிருந்து, "ஆமா, இறக்குங்க, இறக்குங்க" என்று ஒரே சத்தம். யார் யாருக்கு என்ன பயமோ. ஆனால் அதற்குமேல் யாரும் அஞ்சலை அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தட்டைப் படியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். கொடியைப் பூசாரி இறக்கினார்.

இதனால் வேலு மாமா விடுதலை ஆகிவிடவில்லை. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அக்காவின் கால் ஆறவில்லை, ஆனால் அவள் குடம் காலியாக இருப்பதில்லை. அப்பா கோயில் தலைவர் வேலையை விட்டுவிட்டார். வயலில் ஆட்கள் அவர் சொல்கிறதைச் செய்கிறார்கள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிளேன் மாக்னியன்காரர்கள், ஊர் முன்னால் தகப்பனுக்கு எதிராக வாய் திறந்த பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். ஆகையால் உன் அப்பா யார் என்று இப்போது எனக்குத் தெரியாது. நீ வருவதற்குக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகலாம்.

என்னிடம் கடிதம் எழுதவும் யாரும் வரவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. நான் ஒருத்தர் பேச்சை வெளியே விட்டவள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூட்டைக்குப் பக்கத்தில் பேனாவையும் தாளையும் வைத்துவிட்டுத் தினமும் பள்ளி விட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வராத அந்த நாட்களில்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, நான் எதற்காகப் பிறந்தேனோ அது இந்த வேலைதான் என்று. அதற்குப் பெயர் தெரியவில்லை. டாக்டர் வேலை இல்லை, பூசாரி வேலை இல்லை, டீச்சர் வேலையும் இல்லை. எதிரே உட்கார்ந்து, கேட்டு, கேட்டதை வைத்துக்கொண்டு, அவர்கள் எழுந்து தங்கள் காலால் நடந்து போகும்வரை கூட இருப்பது. உன் காலத்தில் அதற்கு ஒரு பெயரும், ஒரு அறையும், இரண்டு நாற்காலியும் இருக்கலாம். அந்த வேலைக்கு நீ போக நினைத்தால், உன் அம்மா அதை எங்கே கெடுத்தாள் என்று தெரிந்துகொண்டு போ.

இந்த நோட்டை அஞ்சலை அக்காவுக்கு முழுவதும் வாசித்துக்காட்டினேன். அவளுடையதும் இதில் இருப்பதால், வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். "உன் வயித்துல வரப்போற பிள்ளைதானே, இருக்கட்டும். ஆனா நான் பால்குழியில விழுந்தேன்னு எழுதியிருக்கே. விழல, இறங்கினேன். மாத்து" என்றாள். மாற்றவில்லை. இதை மட்டும் எழுதிவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மழை. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சமையல் கொட்டகையில் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது, அப்பா. பத்தொன்பது நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர். அடிப்பார் என்று இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தேன். எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் நோட்டைப் பார்த்தார்.

"ராத்திரியில எழுதறியே, அதுவா இது? எண்ணெய் குறையறதை நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"என்னைப் பத்தி எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன் அப்பா."

"என்னன்னு?"

"நடந்ததை."

அவர் தொப்பியைக் கழற்றினார். தண்ணீர் சொட்டியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, மூட்டை மேல், பெண்கள் உட்காருகிற அதே இடத்தில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வேலுவுக்கு ஒரு கடுதாசி எழுதணும்" என்றார். "ஜெயிலுக்கு எழுதலாமா?"

"எழுதலாம்."

தாளை எடுத்தேன். "சௌக்கியம்னு போடு" என்றார். போட்டேன். "கான்ல எல்லாரும் சௌக்கியம். அஞ்சலைக்குக் கால் தேவலை." அதையும் எழுதினேன். பிறகு அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை தகரத்தில் பலமாக விழுந்துகொண்டிருந்தது. நான் பேனாவைக் கீழே வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"இதை எழுதாதே" என்றார் அப்பா.

மழை விடும்வரை பேசினார். அவர் என்ன சொன்னார் என்பது, பிள்ளையே, இந்தக் கடிதத்தில் இல்லை.